ஓசு ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தாரா?

டிசம்பர் 12, மாலை (திருவாரூரிலிருந்து வந்த கேள்வி)

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் பிற்காலப் படங்கள் நாலு பார்த்துவிட்டேன். நாலும் ஒரே கதை. பெண்ணுக்குக் கல்யாண வயது. அப்பா மனைவியை இழந்தவர். பேசிப் பேசிக் கட்டிக்கொடுக்கிறார், கடைசியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். காமிரா தரையோடு தரையாகக் கிடக்கிறது, நகர்வதே இல்லை. ஜப்பான்காரர்கள் பாயில் உட்காருகிறவர்கள், அதனால் காமிராவும் பாயில் உட்கார்ந்துகொண்டது. இதில் மேதைமை எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

டிசம்பர் 12, இரவு

நாள் பார்த்துத்தான் கேட்டீர்களா, தற்செயலா? 1903 டிசம்பர் 12 ஓசு பிறந்த நாள். 1963 டிசம்பர் 12 அவர் இறந்த நாள். சரியாக அறுபது. நம் பக்கத்து ஆளாக இருந்தால் திருக்கடையூருக்குக் கூட்டிப்போய்க் கலசம் வைத்து நீராட்டியிருப்பார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். பக்கத்தில் மாலையோடு உட்கார மனைவி இல்லை. வாழ்நாள் முழுக்கப் பெண்களைக் கட்டிக்கொடுக்கும் படம் எடுத்தவர், தான் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவோடுதான் இருந்தார். அம்மா 1962 பிப்ரவரியில் போனார். அவருடைய கடைசிப் படம் வந்ததும் அந்த வருடம்தான்.

நாலும் ஒரே கதை என்கிறீர்கள். எந்த நாலு என்று சொல்லவில்லை. 1960-இல் வந்த 'லேட் ஆட்டம்' (Late Autumn, இலையுதிர்காலத்தின் பின்பாதி) அதில் இருந்தால் உங்கள் கணக்கு அங்கேயே உதைக்கும். அதில் தனியாக உட்காருவது அப்பா இல்லை, அம்மா. அந்த அம்மாவாக நடித்தவர் செட்சுகோ ஹரா. 1949-இல் 'லேட் ஸ்பிரிங்' படத்தில் கல்யாணம் வேண்டாம் என்று அடம்பிடித்த மகளும் அவரேதான். பதினொரு வருடத்தில் மகளை அம்மாவாக்கி அதே கேள்வியை மறுபடி கேட்கிறார் ஓசு. இதை ஒரே படம் என்றால், குறுவையும் சம்பாவும் ஒரே நெல்தான்.

பாய் விஷயம் சரிதான். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம் அது.

டிசம்பர் 13

குறுவை என்று எழுதியதும் ஞாபகம் வந்தது. இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. லேட் ஸ்பிரிங், ஏர்லி ஸ்பிரிங், ஏர்லி சம்மர், லேட் ஆட்டம், எண்ட் ஆஃப் சம்மர். எது எந்தப் படம் என்று இன்றைக்கும் குழம்புகிறேன். நாலு பருவமே சரியாகத் தெரியாத ஊரில் பிறந்தவனுக்கு வசந்தத்தின் முன்பாதி என்ன, பின்பாதி என்ன? என் நோட்டில் 'நாற்றங்கால்', 'குறுவை அறுப்பு', 'தாளடி நடவு' என்று பெயர் மாற்றி எழுதிவைத்திருக்கிறேன். 'எண்ட் ஆஃப் சம்மர்' படத்துக்கு 'ஆற்றில் தண்ணீர் நிறுத்தியாச்சு' என்று வைத்தேன். பொருத்தம்தான். அதில் கடைசியில் ஆற்றங்கரையில் இரண்டு குடியானவர்கள் நின்று சுடுகாட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டிசம்பர் 15

பாய் விஷயம் சரி என்று நான் எழுதியது தப்பு.

நேற்று மழை, மத்தியானமே கரண்ட் போய்விட்டது. வேறு வேலை இல்லை. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து என் கண் எவ்வளவு உயரம் என்று மனைவியை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். இரண்டரை அடிக்குக் கொஞ்சம் கூட வந்தது. ஸ்டூலில் இரண்டு புத்தகம் அடுக்கி அந்த உயரத்தில் போனை வைத்துப் படம் எடுத்தேன். சாதாரணக் கூடமாகத்தான் தெரிந்தது. தரை நிறையத் தெரிந்தது.

அப்புறம் போனைக் கீழே இறக்கி, மணையில் சாய்த்து வைத்தேன். முக்கால் அடி இருக்கும். இப்போது ஓசு வந்துவிட்டார்! தரை மெலிந்து ஒரு கோடாகிவிட்டது. தூண், கதவு நிலை, தாழ்வாரத்தின் மரச்சட்டம் என்று நிற்கிற சாமான்கள்தான் படத்தை ஆள்கின்றன. எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ரேழியில் நின்றால் கூடம், முற்றம், அடுப்படி தாண்டிக் கொல்லைக் கிணறு வரை ஒரே நேர்க்கோடு. ஒரு கதவுக்குள் இன்னொரு கதவு, அதற்குள் இன்னொன்று. ஓசுவின் வீடுகளில் சறுக்குக் கதவுகள் செய்கிற வேலையை எங்கள் வீட்டில் நிலைக்கதவுகள் செய்கின்றன.

ஆக அது உட்கார்ந்தவர் கண் இல்லை, அதற்கும் கீழே. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படங்களில் ஆபீஸ் வருகிறது, மதுக்கடை வருகிறது. எல்லோரும் நாற்காலியிலும் ஸ்டூலிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயும் காமிரா கீழேதான். அங்கே ஏது பாய்? யாருடைய கண்ணும் இல்லை அது. எங்கள் அம்மிக்குக் கண் இருந்தால் வீடு அப்படித்தான் தெரியும்.

போனை நிறுத்த மறந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் பதினோரு நிமிடம் ஓடியிருக்கிறது. நான் எழுந்து போகிறேன். மனைவி கொல்லையில் துணி எடுக்க அதே நேர்க்கோட்டில் நடந்து, கடைசிக் கதவில் இடதுபக்கம் திரும்பி மறைகிறாள். அதற்குப் பிறகு யாரும் இல்லை. முற்றத்தில் மழை விழுகிறது. பக்கவாட்டில் அவள் எதையோ தள்ளும் சத்தம் கேட்கிறது. நாற்பது விநாடி கழித்து உள்ளே வருகிறாள். அந்த நாற்பது விநாடியைத்தான் நான் நாலைந்து தடவை பார்த்தேன். மேலே இருந்து பார்த்திருந்தால் ஆள் போனதும் வேறு எதையாவது பார்த்திருப்பேன். கீழே இருந்து பார்த்தால் அறை அப்படியே நிற்கிறது, ஆள் மட்டும் இல்லை.

டிசம்பர் 16

கும்பகோணம் அண்ணன் ஒருவர் பிடித்துவிட்டார். காமிரா நகர்வதே இல்லை என்று திருவாரூர் சொன்னதை நான் மறுக்காமல் விட்டது தப்பு என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். 'லேட் ஸ்பிரிங்'கில் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் இடத்தில் காமிரா கூடவே ஓடுகிறது. 1951-இல் 'ஏர்லி சம்மர்' படத்தில் மணல்மேட்டில் கிரேன் வைத்து மேலே எழுகிறது. 1953-இல் 'டோக்கியோ ஸ்டோரி'யில் ஒரு சுவரை ஒட்டி மெல்ல நகர்ந்து, ஓரமாக உட்கார்ந்திருக்கும் கிழவனையும் கிழவியையும் கண்டுபிடிக்கிறது. பிள்ளைகள் வீட்டில் இடமில்லாமல் தெருவில் உட்கார்ந்திருப்பவர்களை அது தேடிக்கொண்டு போகிறமாதிரி இருக்கும்.

1958-இல் கலருக்கு வந்தார். கலரில் எடுத்தது ஆறே படம். அந்த ஆறிலும் காமிரா அசையாது. 50 எம்எம் லென்ஸை அநேகமாக மாற்றுவதே இல்லை. ஷாட்டுக்கு ஷாட் ஒரு காரியம் மட்டும் செய்வார். மேஜைமேல் இருக்கும் பாட்டிலை, கெட்டிலைக் கொஞ்சம் தள்ளிவைப்பார். போன ஷாட்டில் இருந்த இடத்தில் இருக்காது. தொடர்ச்சி போச்சே என்று உதவியாளர்கள் கையைப் பிசைய வேண்டியதுதான். பார்க்கிற நமக்குத் தெரிவதே இல்லை.

டிசம்பர் 20

கல்யாணத்தைக் காட்டாத கதைக்கு வருகிறேன். 'லேட் ஸ்பிரிங்'கில் மாப்பிள்ளை முகத்தையே காட்டவில்லை. வாய்ப்பக்கம் ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் ஜாடை என்று பேச்சில் வருவதோடு சரி. கல்யாணமும் இல்லை. மணக்கோலத்தில் மகள் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறாள். எல்லோரும் இறங்கிப் போனபிறகு அத்தைக்காரி மட்டும் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, எதையும் விட்டுவிடவில்லையே என்று பார்த்துவிட்டுப் போகிறாள். அப்புறம் கண்ணாடியும் ஸ்டூலும் இருக்கிற காலி அறை. அடுத்து அப்பா மதுக்கடையில் இருக்கிறார்.

முதல்தடவை பார்த்தபோது, கல்யாணம் முக்கியமில்லை, அதனால் வெட்டிவிட்டார் என்று ஒரு பத்திரிகைக்குக்கூட எழுதினேன். போன ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம் முடிந்தபிறகு அந்த வரி உறுத்துகிறது.

மண்டபத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பந்தியில் ரசம் தீர்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கு ரூமில் வெந்நீர் வரவில்லை. ஜெனரேட்டர் ஆள் போனை எடுக்கவில்லை. இதற்கு நடுவில் யாரோ என்னை இழுத்துக்கொண்டு போய் மணையில் நிறுத்தினார்கள். நாலே கால் மணி நேர வீடியோ வந்தது. கெட்டிமேளம் கேட்கிறது, அட்சதை பறக்கிறது. அந்த நேரத்தில் திரை முழுக்கப் போட்டோகிராபரின் முதுகு, வியர்வையில் ஒட்டிய சட்டையோடு. தாலி கட்டியதைப் பார்க்கவே முடியாது. மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மண்டபத்திலிருந்து மீதி சாமான் வண்டியில் வந்தது. தாம்பூலப் பை அறுபது எழுபது மீந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காய். அக்கம்பக்கம் கொடுத்ததுபோக நாற்பதுக்கு மேல் கூடத்து மூலையில் குவிந்து கிடந்தன. ஒரு மாதம் கல்யாணத் தேங்காய்ச் சட்னி, கல்யாணத் தேங்காய்த் துவையல், கல்யாணத் தேங்காய் போட்ட அவியல். மகள் போனில் பேசும்போதெல்லாம், "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டுச் சிரிப்பாள். புரட்டாசியில் ஒருநாள் காலை மனைவி அடுப்படியிலிருந்து, "தேங்காய் தீந்துபோச்சு, கடையில ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு ரேழி வரை வந்தேன். செருப்பு மாட்டவில்லை. திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனேன்.

'லேட் ஸ்பிரிங்' கடைசியில் அப்பா ஆப்பிள் தோல் சீவுகிறார். தோல் நீளமாக இறங்கிக்கொண்டே வந்து விழுகிறது, தலை குனிகிறது. அந்த இடத்தில் ஓவென்று அழச்சொல்லிக் கேட்டாராம் ஓசு. என்னால் முடியாது என்றாராம் நடிகர் சிஷூ ரியூ. முடியாது என்றவருக்குத்தான் புண்ணியம்.

கல்யாணம் முக்கியமில்லை என்று ஓசு வெட்டவில்லை. கல்யாணத்தன்று அப்பாவுக்கு எதுவும் நடக்கவில்லை, அதனால் படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. இப்படித்தான் இப்போது நினைக்கிறேன்.

டிசம்பர் 21

"உங்கள் வீடியோக்காரர்தான் உண்மையான ஓசு சீடர்" என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவியிடம் படித்துக்காட்டினேன். இன்றைக்குக் காபி லேட்.

டிசம்பர் 23

ஜாடி பற்றிக் கேட்டவருக்கு. 'லேட் ஸ்பிரிங்'கில் கியோட்டோ விடுதி. இரவு. அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். மகள் மேலே பார்த்துப் புன்னகைக்கிறாள். அறை ஓரத்து ஜாடி. மறுபடி மகள், இப்போது கண்ணீர் முட்டும் முகம். மறுபடி ஜாடி. கூடவே அப்பாவின் குறட்டை. இந்த ஜாடி எதன் குறியீடு என்று பெரிய பெரிய ஆட்கள் புத்தகத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ ஜாடியை விடக் குறட்டைதான் முக்கியம். ஒரு முடிவு எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆம்பிளையின் குறட்டை. பக்கத்தில் முழித்துக்கொண்டு கிடக்கிறவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 27

'டோக்கியோ ஸ்டோரி'யில் மூத்த மகள் ஷிகேவை நான் இருபது வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். அழகு நிலையம் நடத்துகிறவள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு விலை கூடிய கேக் எதற்கு என்கிறவள். அம்மா செத்ததும் எல்லோரையும் விடச் சத்தமாக அழுகிறாள். காரியம் முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே, அம்மாவின் அந்த இடுப்புக்கச்சை எனக்கு வேணும், ஞாபகத்துக்கு, என்கிறாள். ஹருகோ சுகிமுரா அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று பாருங்கள். ஊறுகாய் தள்ளு என்கிற குரல்.

என் அம்மா போன வருடம் தவறினார். பால் தெளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அம்மாவோட வெத்தலப் பெட்டி எனக்கு இருக்கட்டும்" என்றேன். நான்தான் சொன்னேன். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, மோர் ஊற்றினாள். அன்று ராத்திரி படுத்தபிறகுதான் ஷிகே ஞாபகத்துக்கு வந்தாள்.

இப்போது பார்க்கும்போது அந்த அழுகை பொய் இல்லை, கச்சையைக் கேட்டதும் பொய் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு நேரம்தான் இடைவெளி. கடைசியில் இளைய மகள், இப்படியா சுயநலமாக இருப்பார்கள் என்று கோபப்படுகிறாள். விதவை மருமகளாக வரும் ஹரா, வயதானால் எல்லோரும் அப்படித்தான் ஆவோம் என்கிறாள். வாழ்க்கை ஏமாற்றம்தானே என்று சின்னவள் கேட்க, ஆமாம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அந்தச் சிரிப்பை நான் முன்னால் கவனித்ததில்லை.

பெட்டி பீரோவில் இருக்கிறது. திறந்தால் இன்னும் கும்பகோணம் வெற்றிலை வாசம்.

டிசம்பர் 30

கொஞ்சம் இளைப்பாறுவோம். 'குட் மார்னிங்' (1959) பாருங்கள். டிவி வாங்கித்தரச் சொல்லி இரண்டு பொடியன்கள் பேசாமல் இருக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் என்னத்தைப் பேசிவிட்டார்கள், வணக்கம், நல்ல வெயில், எங்கே இவ்வளவு தூரம், இதுதானே என்பது பெரியவனின் வாதம். கடைசியில் ரயில்வே பிளாட்பாரத்தில் ஒருவரை ஒருவர் விரும்புகிற ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மேகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. பாபநாசம் ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நின்று பாருங்கள். "வண்டி லேட்டா?" "லேட்டுதான்." "மழை விட்டுச்சு." "விட்டுச்சு." அதில் ஒரு கல்யாணம் முடிந்திருக்கும், நமக்குத் தெரியாது.

ஜனவரி 4

திருவாரூர்த் தம்பி திரும்பி வந்து, "கடைசிப் படமும் 'லேட் ஸ்பிரிங்'கும் ஒன்றா இல்லையா, அதற்குப் பதில் சொல்லவே இல்லையே" என்கிறார். நியாயம்.

1962-இல் வந்த 'ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்' படத்துக்கு ஜப்பானியப் பெயர் ஒரு மீனின் ருசி. சன்மா என்கிற மீன். படத்தில் அந்த மீன் வரவே வராது. வருவது வேறு மீன். பழைய மாணவர்கள் சேர்ந்து தங்கள் வாத்தியாருக்கு விருந்து வைக்கிறார்கள். பட்டப்பெயர் சுரைக்காய். ஒரு காலத்தில் பையன்களை நடுங்கவைத்தவர், இப்போது மலிவு நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். விலாங்கு மாதிரி ஒரு மீனை வாயில் போட்டுக்கொண்டு, இது என்ன என்று கேட்கிறார். பெயரைச் சொன்னதும் அதை எப்படி எழுதுவது என்று பாடம் நடத்துகிறார். சாப்பிட்டுப் பார்த்ததில்லை, எழுத்து மட்டும் தெரியும். சிரிப்பு வரும், உடனே வெட்கமாகவும் இருக்கும்.

போதையில் அவரை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். கதவைத் திறப்பது மகள். வயது கடந்துவிட்டது. அப்பாவுக்குத் துணையாக வைத்துக்கொண்டு வைத்துக்கொண்டே காலம் போய்விட்டது. மாணவர்கள் போனதும் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். அவளும் சுகிமுராதான், 'டோக்கியோ ஸ்டோரி'யின் ஷிகே, 'லேட் ஸ்பிரிங்'கில் அறையைச் சுற்றிவந்த அத்தை. இதைப் பார்த்துப் பயந்துதான் கதாநாயகன் தன் மகளுக்கு வரன் தேடக் கிளம்புகிறார். அதற்குள் லேட். அவளுக்குப் பிடித்த பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. அவனும் முன்பு இவளை விரும்பியவன்தான். அவளுக்கு இப்போது கல்யாண எண்ணம் இல்லை என்று அண்ணன் சொன்னதை நம்பி விலகிவிட்டான்.

1949-இல் போகமாட்டேன் என்ற பெண்ணை அப்பா பொய் சொல்லி அனுப்பினார். 1962-இல் கேட்டிருந்தால் போயிருப்பாள், கேட்கவில்லை. நடிகர் அதே ரியூ, வீட்டின் ஜாடையும் அதே, கடைசியில் தனியாக உட்காருவதும் அதே. ஆனால் முதல் அப்பாவை நான் தியாகி என்று சொல்வேன். இரண்டாமவரைச் சொல்லமாட்டேன். கல்யாண உடுப்போடு மதுக்கடைக்கு வருகிறார். இழவு வீட்டிலிருந்தா என்று கடைக்காரப் பெண் கேட்கிறாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்கிறார்.

அப்புறம் ஒன்று. இங்கே எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எங்கள் சின்ன அத்தை கல்யாணம் ஆகாதவள். தாத்தாவுக்குக் கடைசிவரை சோறு போட்டவள். "அவளுக்குக் கல்யாணத்தில இஷ்டம் இல்ல" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜனவரி 17

அத்தை பொங்கலுக்கு வந்திருக்கிறாள். எழுபத்து நாலு வயது. நேற்று ராத்திரி நான் கம்ப்யூட்டரில் இந்தப் படத்தைப் போட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து பாயில் உட்கார்ந்தாள். கீழே ஓடிய எழுத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மீன் சாப்பிடுகிற வாத்தியாரைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். சுரைக்காயின் மகள் அழுத இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, கால்விரலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் கொஞ்சம் தூங்கினாள் என்று நினைக்கிறேன்.

கடைசிக் காட்சி. கல்யாணம் முடிந்து, போதையில் வந்த அப்பா அடுப்படிப் பக்கம் போய்க் கெட்டிலிலிருந்து ஊற்றிக் குடித்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

"நாளைக்குக் காலையில யார் சமைப்பா?" என்றாள் அத்தை.

"சின்னப் பையன் நான் பண்றேன்னு சொன்னானே அத்தை, இப்பதான் சொன்னான்."

"சொல்லுவான்" என்றாள். எழுந்து, பொங்கல் பானை கழுவியாச்சா என்று பார்க்கப் போனாள்.